ஓடைக்குக் குறுக்கே

ஜூன் 2

வந்து சேர்ந்தாயிற்று. வத்தலக்குண்டில் பஸ் ஏறி தாண்டிக்குடி வருவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மாள் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு கேரிபேக்கும் கொடுத்தாள். இயற்கையைத் தேடி மலைக்கு வந்த கலைஞர் முதலில் பார்த்தது அந்தப் பையின் உட்புறத்தைத்தான்.

கோதண்டம் சாரின் காப்பித் தோட்டம் ஊருக்கு மேலே இருக்கிறது. வருஷா வருஷம் மூன்று கலைஞர்களை அழைத்து ஒரு மாதம் தங்க வைக்கிறார். சோறு, அறை, தனிமை எல்லாம் அவர் பொறுப்பு. காட்டைப் பார்த்து எதையாவது செய்ய வேண்டியது நம் பொறுப்பு. மாதக் கடைசியில் சென்னையிலிருந்து கேலரி நடத்தும் வைதேகி மேடம் வந்து பார்ப்பார். மூன்றில் ஒருவரை எடுத்துக்கொண்டுபோய்த் தனிக் கண்காட்சி வைப்பார்.

அந்த ஒருவர் நான்தான். நானாகத்தான் இருக்க வேண்டும். நாற்பது முடிந்துவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு லேஸ் டிசைன் வரைந்து வரைந்து கண் போனதுதான் மிச்சம் என்று வேலையை உதறிவிட்டு, காய்ந்த இலையை வைத்து ஏதேதோ செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டு விசேஷங்களில் "அரசி இப்ப என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால் என் அண்ணன் "குப்பை பொறுக்கறா" என்று சொல்லிச் சிரிக்கிறான். இன்னும் எத்தனை கல்யாணத்தில் இதைக் கேட்டுக்கொண்டு ஜாங்கிரி தின்பது?

சார் ஒரே ஒரு விதி சொன்னார். "இங்க கிடைக்கிறத வச்சு மட்டும் செய்ங்கம்மா. செஞ்சு முடிச்சதும் அது காட்டோட மக்கிப் போயிரணும். ஆணி, பெயிண்டு, பிளாஸ்டிக்கு எதுவும் ஆகாது." எல்லோரும் தலையாட்டினோம்.

ஜூன் 4

ஒன்றும் தோன்றவில்லை. அட்டை கடித்ததில் வலது கால் வீங்கியிருக்கிறது.

மற்ற இருவருக்கும் வந்த அன்றே தோன்றிவிட்டது. சேரல் என்கிற தாடிக்காரர் வேட்டித் துணியில் செம்மண்ணைப் பூசி வெயிலில் போட்டுவிட்டு, "மண்ணு பேசுதுங்க" என்கிறார். பேசட்டும். தூத்துக்குடிப் பெண் பெனிட்டாவுக்கு ஒலிதான் வேலை. மைக்கை நீட்டிக்கொண்டு ஓடைக்கரைப் பாறையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாள். அங்கே ஒரு குருவி இருக்கிறது. கருநீலம், மைனாவைவிடப் பெரிசு. விடியும்போது விசிலடிக்கிறது. சும்மா போகிற பையன் ஏதோ பாட்டை ஆரம்பித்துவிட்டு, அடுத்த அடி மறந்துபோய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பதுபோல.

பெனிட்டா ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள். "கேளுங்கக்கா. நேத்து பாடுனது வேற, இன்னைக்குப் பாடுதது வேற. தெனமும் புதுசு புதுசா கட்டுது. கள்ளப்பய."

நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததாலேயே எரிச்சலாகவும் இருந்தது.

ஜூன் 6

காப்பிக் களத்தில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கிறது. அங்கே நின்று வீட்டுக்குப் பேசினேன். தனபால் எடுத்ததுமே, "என்ன புள்ள, ஏதாச்சும் சிக்குச்சா?" என்றார். என் வீட்டுக்காரருக்குக் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நான் வேலையை விட்ட அன்று, ஒரு வார்த்தை கேட்காமல் தன் கம்பெனியில் ஓவர்டைமுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்த மனுஷன். இப்போது எங்கள் மகளையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"மதிக்கு ரெட்டைச் சடை போடப் பழகிட்டேன். ஒன்னு மேல நிக்குது, ஒன்னு கீழ தொங்குது. மிஸ் சிரிச்சாங்களாமா. நீ அதையெல்லாம் நெனைக்காம வேலையப் பாரு."

அதையெல்லாம் நினைக்காமல்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலைதான் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறது.

ஜூன் 8

சிக்கிவிட்டது!

குளித்துவிட்டு வரும்போது பலா மரத்தடியில் ஒரு பழுப்பு இலையை எடுத்தேன். புழு தின்ற இலை. நரம்பை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் பொத்தல் பொத்தலாகத் தின்றிருக்கிறது. வெயிலுக்கு நேரே பிடித்தேன். பொத்தல் வழியாக வெளிச்சம் இறங்கி என் உள்ளங்கையில் லேஸ் போட்டது. வருஷக்கணக்காக டிசைன் வரையும் ராட்ரிங் பேனாவும் கம்ப்யூட்டருமாக நான் மாரடித்த வேலையை ஒரு புழு பசிக்குத் தின்றே செய்து முடித்திருக்கிறது. அங்கேயே நின்று, பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

ஓடைக்கு மேலே, இந்தக் கரை மரத்துக்கும் அந்தக் கரை மரத்துக்கும் நடுவில் இந்த இலைகள் அந்தரத்தில் நிற்க வேண்டும். காலை வெயில் அவற்றின் வழியாக இறங்க வேண்டும். ஓடும் தண்ணீர்மேல் லேஸ் விரிய வேண்டும். தண்ணீர் ஓடும், லேஸ் ஓடாது.

புழு தின்ற இலையாகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்துவிட்டேன். பலா, நாவல், வெள்ளை முதுகோடு சில்வர் ஓக். நல்ல இலையாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடுகிறேன்.

ஜூன் 10

நாசம். பருத்தி நூலில் கட்டினால் பனியில் நனைந்து தொய்கிறது. கற்றாழையை அடித்து நார் எடுத்தேன், கை முழுக்க அரிப்பு. நாரோ தடித்தடியாக இலையைவிட முன்னால் தெரிகிறது. பெனிட்டா பாறையிலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எக்கா, தப்பா நெனைக்காதீக. மொட்டை மாடில துணி காயப்போட்ட மாரி இருக்கு."

தப்பாகத்தான் நினைத்தேன். ஆனால் அப்படியேதான் இருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

ஜூன் 12

கால் வீக்கத்துக்கு மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வத்தலக்குண்டு இறங்கினேன். மாத்திரையும் வாங்கினேன்.

தூண்டில் சாமான் விற்கும் கடையில் தங்கூசி நரம்பு ஒரு உருண்டை கேட்டேன். நைலானில் மீன்பிடிக்க வருமே, அதுதான். இருப்பதிலேயே மெல்லிசு. கடைக்காரர், "எந்த டேமுக்கும்மா? என்ன மீனுக்கு?" என்றார். இலை பிடிக்க என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

விதி தெரியும். மேடம் பார்த்துவிட்டுப் போனதும் ஒரு இழை விடாமல் அவிழ்த்து எடுத்துவிடுவேன். கண்ணுக்கே தெரியாத ஒன்று யாரை என்ன செய்துவிடப் போகிறது?

ஜூன் 14

கட்டி முடித்தேன். ஓடைக்குக் குறுக்கே, தண்ணீருக்கு ஒரு முழம் மேலிருந்து தலைக்கு மேல் வரை, அடுக்கடுக்காக நரம்பு. நரம்பெல்லாம் இலை. நரம்பு தெரியவே இல்லை. காற்றில் இலைகள் சும்மா நிற்கின்றன, விழப்போய் மனசு மாறியதுபோல. காலையில் வெயில் பாய்ந்ததும் தண்ணீர் முழுக்கப் பூவேலை.

கோதண்டம் சார் வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "எதுல கட்டியிருக்க தாயி? ஒன்னும் தெரியலையே!"

"கத்தாழை நார் சார். மெல்லிசா பிரிச்சிருக்கேன்."

வாய் கூசவில்லை. அதுதான் ஆச்சரியம். பெனிட்டா மட்டும் கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கி அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். "எங்கப்பா பாத்தா இத தங்கூசின்னே சொல்லிருவாக" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் குருவி ஓடையோடு ஒட்டித் தாழப் பறந்து வந்து, இலைகளைக் கண்டதும் சட்டென்று மேலே எழும்பிப் போயிற்று. அதற்கும் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 17

காலையில் ஓடைக்குப் போனேன். கீழ் அடுக்கில் ஒரு நரம்பு அறுந்திருந்தது. மாற்றிக் கட்டினேன். கை கழுவினேன். வேறு ஒன்றும் இல்லை. தலைவலி.

ஜூன் 18

பெனிட்டா காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நான்தான் இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனேன்.

"ரெண்டு நாளா சத்தமே இல்லக்கா. எங்க போச்சுன்னே தெரியல" என்றாள்.

"மழை மேகமா இருக்குல்ல. அதனால இருக்கும்."

"மழைக்கெல்லாம் அடங்குத பயலா அவன்?"

இட்லி ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சேரல் பின்னாலேயே வந்து மௌனம்கூட ஒரு இசைதான் என்று ஆரம்பித்தார். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா என்று கேட்டுவிட்டேன். பாவம், முகம் சுண்டிப் போய்விட்டது.

ஜூன் 19

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த மாதத்தில் வேறு எதையும் எழுத முடியாது.

பதினேழாம் தேதி காலை அது கீழ் அடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கையைச் சுற்றி நரம்பு முறுக்கியிருந்தது. உதற உதற இறுகியிருக்க வேண்டும், எலும்பு வரை அறுத்திருந்தது. உயிர் இருந்தது. நான் பிடித்ததும் கையைக் கொத்தியது. முடிச்சு கண்ணுக்குத் தெரிந்தால்தானே அவிழ்க்க? நான்தான் தெரியக்கூடாதென்று தேடித் தேடி வாங்கினேனே. பல்லால் கடித்து அறுத்தேன். அதற்குள் கையிலேயே தலை சாய்ந்துவிட்டது. தோளில் ஒரு நீலம் இருந்தது, அந்த நீலத்தை நான் எந்த நூல் கண்டிலும் பார்த்ததில்லை. வாயில் பாதி மண்புழு.

பலா மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். மேலே ஒரு கல் வைத்தேன். பிறகு புது நரம்பு எடுத்துக் கட்டினேன். ஆமாம், திரும்பக் கட்டினேன். கை நடுங்காமல் கட்டினேன்.

அவிழ்த்துவிட்டால் பதினெட்டு வயதிலிருந்து நான் ஆசைப்பட்டது போய்விடும். இன்னும் பத்தே நாள். ஒரு குருவி பார்க்காமல் வந்து மாட்டிக்கொண்டது, இன்னொன்று மாட்டுமா என்ன? மலையில் தினம் எத்தனை சாகிறது? கீரி பிடிக்கிறது, பாம்பு பிடிக்கிறது. இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறேன். தூக்கம்தான் வரவில்லை.

ஜூன் 22

பெனிட்டா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஓடை சின்னதாக விழும் இடத்தில், பாறை இடுக்கில் பாசியும் வேருமாக ஒரு கூடு. உள்ளே குஞ்சுகள். எத்தனை என்று தெரியவில்லை, வாய்கள்தான் தெரிந்தன.

"ஜோடில ஒன்னக் காணும்க்கா. பாட்டுக்காரன்தான் போயிட்டான்னு நெனைக்கேன். மிச்சமிருக்குறது ஒத்தையா தீனி சொமக்குது. பாத்தீகளா, உக்காரவே மாட்டேங்குது."

உட்கார்ந்து பார்த்தோம். அது வாயில் புழுவோடு கீழேயிருந்து வருகிறது. நேராக ஓடையோடு வந்தால் ஒரு வீச்சில் கூட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் என் இலைகளுக்குக் கொஞ்சம் முன்னால் ஒதுங்கி, காப்பிச் செடிகளுக்குள் புகுந்து, மேட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு தடவையும்.

"எதுக்கு இப்படிச் சுத்துது?" என்று பெனிட்டா தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

அது தெரிந்துகொண்டுவிட்டது. ஆகவே இனி மாட்டாது. இது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் பேசினேன். மதிக்குக் காய்ச்சலாம், இரண்டு நாளாக. தனபால் நைட் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு பகலெல்லாம் அவளோடு இருக்கிறார். "எப்பத் தூங்கறீங்க?" என்றேன். "அதெல்லாம் தூங்கறேன். நீ வந்து மட்டும் என்னத்தக் கிழிக்கப் போற, டாக்டரா நீயி? முடிச்சிட்டே வா." வேண்டுமென்றே கடுகடுத்தார், நான் கிளம்பி வந்துவிடக் கூடாதே என்று. போனை வைத்துவிட்டுக் களத்திலேயே அழுதேன்.

ஜூன் 25

பெனிட்டா ஒரு யோசனையோடு வந்தாள். அவளிடம் அந்தக் குருவியின் பாட்டு ஏராளமாக இருக்கிறது. வைதேகி மேடம் வரும் அன்று என் இலைகளுக்குக் கீழே பாறை மறைவில் ஸ்பீக்கரை வைத்து அதைப் போடலாமாம்.

"உங்க வெளிச்சமும் என் சத்தமும் சேந்தா எப்படி இருக்கும்! பேரு உங்க பேரே இருக்கட்டும்க்கா. எனக்கு அவன் பாட்டு அங்கன கேக்கணும், அம்புட்டுதான். அவன் எடம்லா அது."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல முடியவில்லை. சரி என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 26

கத்தரியோடு ஓடைக்குப் போனேன். வெயில் வந்துவிட்டது. அவ்வளவு அழகாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 28

கையில் கட்டு போட்டிருக்கிறது. எழுத்து கோணல் மாணலாக வரும்.

வைதேகி மேடம் காலையிலேயே வந்துவிட்டார். கூட ஏழெட்டுப் பேர், எல்லோர் கையிலும் போன். சேரலின் துணிகளைப் பார்த்து "நைஸ்" என்றார்கள். பிறகு ஓடைக்கு வந்தார்கள். வெயில் சரியாக இறங்கியது. தண்ணீர்மேல் லேஸ் விரிந்தது. எல்லாப் போனும் மேலே எழுந்தது. மேடம் மட்டும் மெதுவாக, "கடவுளே" என்றார். வேலையை விட்ட இந்த நாலு வருஷமாக நான் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

பெனிட்டா பாட்டைப் போட்டாள்.

செத்தவன் குரல் அது. எனக்கு மட்டும்தான் தெரியும். ஆரம்பித்து, நிறுத்தி, மறந்ததுபோலத் திரும்ப ஆரம்பித்து. கூட்டத்தில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது அது வந்தது. கீழேயிருந்து, வாயில் தீனியோடு. ஒதுங்கும் இடத்தில் ஒதுங்கவில்லை. பாறையில் ஒரு கணம் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டது. தீனியைக் கீழே போட்டுவிட்டது. பிறகு ஓடையோடு ஓடையாக, குரல் வந்த இடத்தைப் பார்த்து நேராகப் பறந்தது.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. தண்ணீரில் குதித்து, இரண்டு கையாலும் நரம்புகளை அள்ளிப் பிடித்து, முழுப் பலத்தோடு இழுத்தேன். உள்ளங்கையைக் கத்தி மாதிரி அறுத்தது. கிளை முறிந்தது. இலையெல்லாம் என் தலைமேலும் தண்ணீரிலும் கொட்டின. குருவி ஒரு நரம்பில் பட்டுத் தடுமாறி, சுழன்று, எழும்பிக் காப்பிச் செடிகளுக்குள் போய்விட்டது. முழங்காலளவு தண்ணீரில் நான் விழுந்து கிடந்தேன். இலைகள் என்னைச் சுற்றி மிதந்து போய்க்கொண்டிருந்தன.

கை தட்டினார்கள்.

எல்லோரும் தட்டினார்கள். போன்களையெல்லாம் என் பக்கம் நீட்டியிருந்தார்கள். வைதேகி மேடம் செருப்போடு தண்ணீரில் இறங்கி என்னைத் தூக்கினார். "என்ன ஒரு முடிவு! ஆர்ட்டிஸ்ட்டே தன் வேலையைக் கலைச்சு காட்டுக்கே திருப்பிக் குடுக்கறது. புல்லரிச்சுப் போச்சு அரசி. சென்னைக்கு நீங்கதான். வேற பேச்சே இல்லை."

கொஞ்ச நேரம் நான் சும்மா இருந்தேன். கை தட்டலைக் கேட்டுக்கொண்டு, ரத்தம் சொட்டச் சொட்ட, சும்மா இருந்தேன். நன்றாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பெனிட்டாவைப் பார்த்தேன். அவள் கை தட்டவில்லை. நான் கையில் சுற்றிக்கொண்டிருந்த நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னோட குருவியக் கொன்னது நான்தான் பெனிட்டா. இதுல மாட்டித்தான் செத்துச்சு. பதினேழாம் தேதி. நானே பொதைச்சிட்டு, நானே திரும்பக் கட்டுனேன்" என்றேன். எல்லோருக்கும் கேட்டது.

கோதண்டம் சார், "கத்தாழை நாருன்னியேம்மா" என்றார். அவ்வளவுதான். மேட்டில் ஏறிப் போய்விட்டார். பெனிட்டா ஸ்பீக்கரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மேடம் கண் இன்னும் அதிகமாகப் பளபளத்தது. என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்: "அரசி, இது முன்னாடி நினைச்சதைவிடப் பெரிய விஷயம். ஆர்ட்டிஸ்ட்டோட குற்ற உணர்ச்சி. யாரும் இவ்வளவு நேர்மையா பண்ணினதில்லை. அந்த நரம்பு, அறுந்த இலை, அந்தப் பாட்டு, இப்ப சொன்னீங்களே அந்த ரெண்டு வரி, எல்லாத்தையும் ஒரே ரூம்ல வெச்சிடலாம். புதைச்ச இடம் ஞாபகம் இருக்கு இல்லையா? இறகோ எலும்போ கிடைச்சா போதும். நாளைக்கு மத்தியானம் கிளம்பறேன். யோசிச்சு சொல்லுங்க."

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 29

விடிந்ததும் பலா மரத்தடிக்குப் போனேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். களைக்கொத்தை எதற்கு எடுத்துப்போனேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

கல்லை நகர்த்தினேன். இரண்டு கொத்து கொத்தினேன். பின்னால் சருகு நொறுங்கியது. பெனிட்டா.

"எடுக்கவா வந்தீக?"

"ஆமா."

அவள் தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். தடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் குனிந்து, கட்டுப் போட்ட கையாலேயே மண்ணை அள்ளினேன். விரலில் ஈரமாக, மெத்தென்று ஏதோ பட்டது. மண்ணைத் தள்ளி மூடினேன். கல்லை வைத்தேன். கல்லைப் பிடித்துக்கொண்டே சத்தமாக அழுதேன், இழவு வீட்டில் அழுவதுபோல.

அவள் என் தோளைத் தொடவில்லை. "அது தங்கூசின்னு எனக்கு அன்னைக்கே தெரியும். எங்கூர்ல கடல் காக்காயெல்லாம் இதுல மாட்டிச் சாவும். பாத்து வளந்தவதான் நானு. உங்க மொகம் அன்னைக்கு அம்புட்டு சந்தோசமா இருந்துச்சு. சொல்ல மனசு வரல" என்றாள்.

மேடத்திடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "இந்த சான்ஸ் திரும்ப வராது அரசி" என்றார். வராதுங்க என்றேன். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, என் கைக்கு மருந்துகூடக் கொடுத்துவிட்டுத்தான் போனார். சேரலை எடுத்துக்கொண்டார். மனுஷன் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றார். நல்லா பண்ணுங்க சேரல் என்றேன், மனசாரத்தான்.

களத்துக்குப் போய்த் தனபாலிடம் சொன்னேன். கத்தினார். "குடுத்தத வேண்டான்னியா? இத்தனை நாளா நான் தூங்காம கெடந்தது இதுக்காடி?" போனை வைத்துவிட்டார். அவர் என்னை "டி" போட்டதே இல்லை. களத்தில் அப்படியே நின்றேன். ரொம்ப நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "கை ரொம்ப வெட்டிருச்சா? டிடி ஊசி போட்டியா?" என்றார். மதிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம்.

ஜூன் 30

நேற்றே ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். நரம்பு இருக்கிறதே. நான் இழுத்ததில் துண்டு துண்டாக அறுந்து, கிளைகளில், வேர்களில், தண்ணீருக்குள், எங்கெங்கேயோ கிடக்கிறது. கோதண்டம் சாரிடம் போய் நின்றேன். "எடுத்துட்டுப் போ" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

காலையிலிருந்து எடுக்கிறோம். "எடுக்கிறோம்" என்றா எழுதினேன்? ஆமாம், பெனிட்டாவும் வந்துவிட்டாள். பாவாடையைச் செருகிக்கொண்டு அந்தக் கரை மரத்தில் ஏறிவிட்டாள். கண்ணால் பார்த்து எடுக்கிற வேலை இல்லை இது. ஒவ்வொரு கிளையையும் விரலால் தடவித் தடவி வர வேண்டும், தலையில் பேன் பார்ப்பதுபோல. தட்டுப்பட்டால் அறுத்து டப்பாவில் போட வேண்டும். ஒரு இழையைக் கட்ட ஐந்து நிமிஷம் ஆனது. அவிழ்க்க அதைவிட நேரமாகிறது.

மத்தியானம் வரை தடவியது போதாதென்று திரும்பவும் தடவினேன். "இல்லக்கா, முடிஞ்சுது" என்றாள் பெனிட்டா. "எப்படித் தெரியும்?" என்றேன். அவளுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஒரு இழைகூட மிச்சமில்லை என்று பிள்ளைமேல் சத்தியம் பண்ணச் சொன்னால் நான் பண்ண மாட்டேன்.

பாறையில் உட்கார்ந்தோம். பெனிட்டா மைக் எடுத்து வரவில்லை. குருவி பலமுறை வந்து போனது, ஒவ்வொரு தடவையும் காப்பிச் செடிகளுக்குள் புகுந்து, மேட்டைச் சுற்றிக்கொண்டு. கூட்டில் குஞ்சுகள் கத்துவது கேட்டது. வளர்ந்துவிட்டன, குரல் கனத்திருக்கிறது. பசியும் கூடியிருக்க வேண்டும்.

வெயில் சாயும்போது அது மறுபடி கீழேயிருந்து வந்தது. வாய் நிறையப் புழு. வழக்கமாக ஒதுங்கும் கல்லில் உட்கார்ந்தது. இரண்டு மரத்துக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தை இப்படியும் அப்படியும் பார்த்தது. மேட்டுப் பக்கம் திரும்பியது. திரும்பவும் இந்தப் பக்கம் பார்த்தது. பெனிட்டா என் கட்டுப் போட்ட கையைப் பிடித்தாள், வலித்தது, விடச் சொல்லவில்லை.

இறக்கையை விரித்தது. நேராக, ஓடையோடு.

என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"கூட்டுக்குப் போயிட்டுதுக்கா" என்றாள் பெனிட்டா.